இருவரும் வெளியே

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மிருதுளாவை அம்மாவிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. இரண்டு வீடுகளுக்கும் நடுவிலிருந்த ஒரு பேக்கரியில்தான் அது நடக்கும். அன்று அம்மா சுகந்தி உள்ளே வருவதைப் பார்த்ததும், ஐந்து வயது மிருதுளா அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எழிலரசன் கதவைத் தட்டினான். “கதவைத் தெறடா செல்லம். அப்பா நிக்கிறேன்ல.”

“அம்மா?”

“அம்மாவும் இங்கதான் இருக்கேன் கண்ணு,” என்றாள் சுகந்தி.

“ரெண்டு பேருமா?” குரலில் சந்தோஷம். “அப்ப நான் இங்கயே இருக்கேன்.”

கழிப்பறைக்கு வெளியே இருந்த குறுகலான இடத்தில் தோள் உரசாமல் நிற்க முடியவில்லை. எட்டு மாதமாகப் பையையும் மருந்துப் பாட்டிலையும் பேசாமலே கைமாற்றிக்கொண்டவர்கள் அவர்கள்.

“சாப்பிட்டாளா?” என்று சுகந்தி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“சரியா சாப்பிடல. நாளைக்கு உன்கிட்ட போகணுமான்னு நேத்துலேர்ந்து அழுகை. நீதான் ஏதோ திட்டுறேன்னு நெனச்சேன்.”

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். “வெள்ளிக்கிழமை உங்ககிட்ட அனுப்பணும்னா என்கிட்டயும் அதே அழுகைதான். நீங்கதான் திட்டுறீங்கன்னு நான் நெனச்சேன்.”

கடைக்காரர் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். “கதவைக் கழட்டிடவா சார்?”

“வேண்டாம்,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

“நான் வெளிய வந்தா, உங்கள்ல யாரு போயிடுவீங்க?” என்று கேட்டாள் மிருதுளா.

சுகந்தி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழிலரசனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.