மூன்று மணித்தியாலம்

மதிலுக்கு அப்பாலிருந்து குழந்தையின் அழுகை கேட்டதும், பரீட்சை மண்டபத்தில் ஒரேயொரு பேனா மட்டும் நின்றது.

மேற்பார்வைக்கு நோக்குநராக நின்ற உதயகலா ரீச்சருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரிசை, ஐந்தாவது மேசை. தக்சாயினி.

கணிதம், இரண்டாம் வினாத்தாள். தொடங்கி ஒன்றேகால் மணித்தியாலம் கழிந்திருந்தது.

கீரிமலைப் பக்கமிருந்து வீசிய பங்குனிக் காற்று அழுகையை அள்ளிக்கொண்டு வந்து மண்டபத்துக்குள் போட்டது. தக்சாயினியின் வெள்ளைச் சீருடையின் முன்புறத்தில் ஈரம் மெல்லப் பரவியது. அவள் கழுத்துப்பட்டியை இழுத்து அதை மறைத்தாள். இடக்கையை மார்போடு இறுக்கிக்கொண்டு மறுபடியும் எழுதத் தொடங்கினாள்.

வயது பதினாறு. குழந்தை பிறந்து இருபத்துநான்கு நாள். பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கு முப்பத்தோராம் நாள்தான் கழியும் என்பதால், பெயர்கூட இன்னும் வைக்கப்படவில்லை. காரணமானவன் வவுனியாவில் வேலை என்று போனவன், தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டான்.

காலையில் வாசலில் வைத்து ஒருத்தி, "தாயார் வாறா, வழி விடுங்கோடி" என்றபோது மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தக்சாயினி குனிந்த தலை நிமிராமல் உள்ளே வந்தாள்.

சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் வரும்போது, "இதை வீட்டிலை வாசியுங்கோ" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர்கள் பலர். உதயகலாவும் தன் பள்ளிக்கூடத்தில் இருபது வருடங்களாக அப்படித்தான் புரட்டியிருக்கிறாள். அந்த உறுத்தலோ என்னவோ, தன் வீட்டு ஒழுங்கையிலேயே குடியிருக்கும் இந்தப் பிள்ளையைப் பரீட்சை எழுத வைத்தே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

பிள்ளையின் பாடசாலை அதிபரிடம் பலமுறை அலைந்து அனுமதி அட்டையை வாங்கிக் கொடுத்தது அவள்தான். தாய் நாகேஸ்வரியின் வீட்டுப் படலையில் நான்கு நாள் தொடர்ந்து போய் நின்றதும் அவள்தான்.

"துடக்கோடை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுறதோ, ரீச்சர்? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் இனித்தான் கதைக்கப் போகுதோ, நாகேஸ்வரி? உங்கடை முப்பத்தொண்டு கழியுமட்டும் சோதினைத் திணைக்களம் பாத்துக்கொண்டிருக்காது."

நாகேஸ்வரி சிரிக்கவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் தானாகவே உதயகலாவின் வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாளாம். பிள்ளையைத் தத்துக் கேட்டுப் பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுவது. தக்சாயினி பரீட்சை எழுதுவது. எழுதினால், பிள்ளை அவளோடேயே வளரும்.

உதயகலாவின் கண் கலங்கிவிட்டது.

போகும்போது நாகேஸ்வரி ஒன்று மட்டும் கேட்டாள்.

"சோதினை எவ்வளவு நேரம், ரீச்சர்? இடையிலை வெளியிலை விடுவினமோ?"

"மூண்டு மணித்தியாலம். இடையிலை ஒருத்தரும் வெளிக்கிட ஏலாது. நீங்கள் பிள்ளையை வைச்சுப் பாத்தால் போதும்."

இப்போது மதிலுக்கு அப்பால், நாகேஸ்வரியின் கையில், அந்தக் குழந்தை விக்கி விக்கி அழுதது.

உதயகலா ஐந்தாவது மேசைக்குப் போய்க் குனிந்தாள். இருபது வருட ஆசிரியத் தொழிலில் அவள் ஒரு விதியையும் மீறியதில்லை.

"ஒண்டுக்குப் போற மாதிரி எழும்பு. நான் கூட்டிக்கொண்டு போறன். அஞ்சு நிமிசம் பாலைக் குடுத்திட்டு ஓடி வா."

தக்சாயினி நிமிரவில்லை.

"வேண்டாம், ரீச்சர். இதை எழுதி முடிச்சால்தான் அவன் எனக்கு."

அவள் வரைந்த வட்டத்தின் நாண் கோணாமல் விழுந்தது.

உதயகலா யன்னலடிக்குப் போனாள். மதிலுக்கு அப்பால், பூவரச நிழலில், நாகேஸ்வரி வந்த ஓட்டோ நின்றது. அதற்குப் பக்கத்தில், முன்பு இல்லாத ஒரு கார் நின்றது.

காரின் பின் யன்னலுக்குள் நாகேஸ்வரி முதலில் துணிச்சுருளோடு குழந்தையைக் கொடுத்தாள். பிறகு பால்போத்தல். பிறகு ஒரு பை. உள்ளேயிருந்து வளையல் அணிந்த இரண்டு கைகள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டன.

கண்ணாடி மேலே ஏறியது. அழுகை பாதியில் அறுந்தது.

கார் பட்டணத்து வீதிக்குத் திரும்பியது.

நாகேஸ்வரி புழுதி அடங்குமட்டும் வெறுங்கையோடு நின்றாள். திரும்பியபோது யன்னலில் உதயகலாவைக் கண்டாள். ஒளிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். கும்பிட்டபடியே நின்றாள்.

உதயகலா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கத்தினால் கார் நிற்காது. இந்தப் பிள்ளையின் பரீட்சை மட்டுந்தான் நிற்கும்.

"ரீச்சர்."

தக்சாயினி கையை உயர்த்தியிருந்தாள். காலையிலிருந்து கறுத்துக் கிடந்த முகம் இப்போதுதான் தெளிந்திருந்தது.

"அவன் நித்திரையாப் போனான் போலை," என்று மெல்லச் சொல்லிச் சிரித்தாள். "இன்னொரு தாள் தாங்கோ."

உதயகலா தாளைக் கொடுத்தாள். நோக்குநர் பரீட்சார்த்தியிடம் சொல்லக்கூடியது நேரம் ஒன்றைத்தான்.

"இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு, பிள்ளை. வடிவா எழுது."

தக்சாயினி தலையாட்டிவிட்டு, புதிய தாளின் மேல்மூலையில் தன் பரீட்சைச் சுட்டெண்ணை ஓர் இலக்கமும் பிசகாமல் எழுதினாள்.