கசங்கிய மீன்

"என் பொண்ணோட மீன் எங்க டீச்சர்?"

ஒரு மாணவியின் அப்பா போட்ட சத்தத்தில் கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. சுவரில் தொங்கிய நீலத் துணிக்கடலில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு மீன் வரைந்து ஒட்டியிருந்தார்கள்.

"நடுவுலேயே இருக்கே சார்."

"இதுவா? கோணல் வாலும் முட்டைக் கண்ணும்! காகிதம் வேற கசங்கிக் கிடக்கு. எந்தத் தறுதலையோ கிறுக்கினதை என் பொண்ணு தலையில கட்டுறீங்களா? அவளோடது தங்கக் கலர் மீன். தத்ரூபமா இருக்கும். காலையில நானே பையில வெச்சு அனுப்பினேன்!"

டீச்சர் வாய் திறப்பதற்குள் மகள் முன்னால் வந்து நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அது நீங்க வரைஞ்சதுப்பா. இதுதான் நான் வரைஞ்சது. அசிங்கமா இருக்குன்னு கசக்கிக் குப்பையில போட்டீங்களே, அதே மீன்!"

அப்பா அந்தக் கசங்கிய மீனை மறுபடி பார்த்தார். மகள் விடவில்லை.

"உங்க மீன் என் பையிலதான் இருக்கு. நான் ஒண்ணும் கசக்கலை!"