கடைசிப் பூச்சு

"தொட்டுராத மக்கா! அவருக்கு இப்பந்தான் வேர்க்கத் தொடங்கியிருக்கு" என்றாள் ஓமனா.

சஜிதா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"அவரு" என்பது டி.வி. மேசைமேல் நின்ற ஒரு சாண் உயர வினைல் பொம்மை. மஸ்கட்டில் ரோட்டு வேலை பார்க்கும் ஓமனாவின் கணவன் ராஜகுமாரின் போட்டோவைப் பார்த்து, மீசை நரையிலிருந்து சட்டைப்பை பேனா வரை சஜிதாவே தீட்டிக் கொடுத்தது. அதற்கென்றே எதிரில் ஒரு டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பொடிப்பொடியாகத் துளிகள்.

தக்கலை முழுக்க இதே பேச்சு. நேற்று யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நிஜமாக வேர்த்தது சஜிதாவுக்குத்தான். மெத்தென்ற வினைலுக்குக் கடைசிப் பூச்சாகத் தண்ணீரில் கரையும் வார்னிஷ்தான் அடிக்க வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த ஸ்ப்ரேயை அடித்துவிட்டாள். அது காயவே காயாது. பிசுபிசுக்கும், முத்து முத்தாகக் கசியும். தொழில் தெரிந்தவன் ஒருவன் அந்த வீடியோவைப் பார்த்தால் போதும், ஓணத்துக்கு அவளுக்கு வரும் பொம்மை ஆர்டரெல்லாம் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

சஜிதா தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். வாடிய பூவை விற்றுவிட்டால், வாங்கியவள் வாய் திறக்கும் முன் ஓடிப்போய் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பாலோடு குடித்த பாடம்.

"அக்கா, இது வேர்வ இல்ல. எனக்க பிழ. பூச்சு மாறிப்போச்சு. பத்தே நிமிசம், துடச்சிட்டு வேற பூசித் தாறேன். சும்மாதான்."

"ஏட்டி, வியாபாரி சும்மா தாறேன்னா அதுல புழு இருக்கும்" என்றாள் ஓமனா. "வெறும் பூச்சுன்னா வெள்ளிக்கிழம மட்டும் ஏன் வேர்க்கல்ல? அங்க வெள்ளிக்கிழம லீவுல்லா?"

"வெள்ளிக்கிழம இங்க மழ பெஞ்சுதுக்கா."

"காலத்த தொடங்குது, சாயங்காலம் நிக்குது. டூட்டி நேரம்!"

"ஜன்னல் வழியா வெயில் அடிக்க நேரம்."

ஓமனா துண்டை எடுத்துப் பொம்மையின் கழுத்தை ஒற்றினாள். குரல் இறங்கியது.

"அவரு போன் பண்ணி எட்டு நாளாச்சு மக்கா. நான் விளிச்சா போகவே இல்ல. கம்பெனியில கேட்டா, விசாரிச்சுச் சொல்லுகோம்னு சொல்லுகானுவ. இந்த வேர்வயப் பாத்துத்தான் எனக்குச் சோறு இறங்குது. வேர்க்குதுன்னா ஆளு உயிரோட இருக்காருன்னுதானே?"

ஆனாலும் சஜிதா விடவில்லை.

"சரிக்கா. நாளைக்கு மழ பெஞ்சா இது நின்னு போகும். அப்பம் என்ன செய்வீங்க? அவரு இல்லைன்னு மாரடிச்சு அழுவீங்களா?"

ஓமனா மெல்லப் பேரத்துக்கு வந்தாள்.

"அப்படின்னா முதுகுல மட்டும் பூசு."

"முழுசும் பூசணும்."

"முகத்த விட்டுரு."

"முகத்துலதானே கூடுதல் கசியுது."

"நெத்தி. நெத்தி மட்டும் கெடக்கட்டு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒரு இடம் விட்டா அங்கயிருந்து உரியும்க்கா. பொம்மையே பாழாகும்."

பேரத்தில் சஜிதாவை வென்றவர் கிடையாது. ஓமனா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னமும் செய்" என்றாள்.

சஜிதா சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். ஏதோ தோன்ற, பஞ்சை முகர்ந்து பார்த்தாள். வார்னிஷ் நெடி இல்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றவன் சட்டையைக் கழற்றினால் வருமே, அந்த நெடி. ஓமனாவின் துண்டிலிருந்து ஒட்டியதாக இருக்கும் என்று பஞ்சைத் தூர எறிந்தாள். துடைத்த இடத்தில் மறுபடி துளிர்த்தது. மறுபடி துடைத்தாள். மறுபடி துளிர்த்தது. அது அடுத்துத் துளிர்க்கும் முன் நெற்றியில் பிரஷ்ஷை வைத்துவிட்டாள்.

பாதம் வரை ஒரு இடம் விடாமல் இரண்டு பூச்சு. ஹேர் டிரையரால் சூடு காட்டினாள். துளி அடங்கியது. பொம்மை கல்லாகக் காய்ந்து நின்றது.

"தொட்டுப் பாருங்கக்கா."

ஓமனா தொடவில்லை. அந்தக் காய்ந்துபோன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சஜிதா பிரஷ்ஷைக் கழுவிப் பையில் வைக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஓமனா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏட்டி ஓமனா, பேடிச்சுப் பயந்துட்டியா? எனக்க போன் வாளி வெள்ளத்துல விழுந்து போச்சு. நம்பர் ஒண்ணும் ஓர்ம இல்ல. லீவுல ஊருக்கு வந்த ஒருத்தன் வழியா உனக்க அண்ணன்கிட்டருந்து இப்பந்தான் நம்பர் கெடச்சுது!"

ராஜகுமாரேதான். ஓமனா அழுதாள், சிரித்தாள், "சண்டாளா!" என்று திட்டினாள். போனைப் பொத்திக்கொண்டு, "நீ சொன்னதுதான் மக்கா சரி. எனக்குத்தான் வட்டுப் பிடிச்சுப் போச்சு" என்று சஜிதாவின் தோளில் அடித்தாள். சஜிதாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"கேட்டீங்களா" என்றாள் ஓமனா போனில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அங்க நல்ல வெயிலா? ரொம்ப வேர்க்குதா?"

"அத ஏன் கேக்க! காலத்தருந்து ஆறா ஓடிச்சு. இப்பம் ஒரு கா மணி நேரமா என்ன மாயமோ, ஒரு பொட்டு வேர்வ இல்ல. மத்தவன் எல்லாம் நனஞ்சு நிக்கான், எனக்கு மட்டும் மேலு காஞ்சு கெடக்கு. ஆனா உள்ளுக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது ஓமனா... கண்ணு ஒரு மாதிரி இருட்டிக்கிட்டு..."

மறுமுனையில் போன் தரையில் விழும் சத்தம் கேட்டது, பின்னாலேயே, "ராஜகுமாரே!" என்று யாரெல்லாமோ ஓடிவரும் சத்தமும்.