ஃப்ளெக்ஸுக்குப் பின்னால்

இருமல் வந்துகொண்டிருந்தது.

கேட்டைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நெஞ்சுக்குள் நடந்து, தொண்டைப் படியில் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் துண்டின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

முன்னால் ஃப்ளெக்ஸ் பேனர். நாய்த் தீவனக் கம்பெனியுடையது. காற்று போவதற்காக அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிட்டிருந்தார்கள். அதில் ஒரு கீறல், சிரிக்கும் நாயின் கடைவாய்ப் பல்லில். அங்கேதான் அவர் கண்ணை வைத்திருந்தார்.

பல்லுக்கு அந்தப் பக்கம், மைதானத்தின் நடுவே, அவருடைய நாய் பட்டாணி.

கயிற்றைப் பிடித்தபடி எதிர்வீட்டு பிலோமினா.

மூன்று நிமிடம். வளர்த்தவர் மறைந்துகொள்வார். வேறொருவரோடு நாய் அழாமல், இழுக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் போட்டி. மற்ற நாய்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஜெயித்துவிட்டுப் போயின.

அவருடைய ஜெனரல், ஆளுயரச் சுவரைத் தாண்டிக் கோப்பை வாங்கிய நாய். அதற்கு அது இலக்கு. இன்னொரு நாய் மைசூர்பா. அதற்கு வைத்த இலக்கு, ஓட்டத்தின் நடுவே வேடிக்கை பார்ப்பவர்களின் டிபன் பாக்ஸ் பக்கம் திரும்பாமல் இருப்பது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் திரும்பாமல் ஓடியது. அன்றைக்கு அவர் அழுதுவிட்டார்.

பட்டாணி, மழைநீர்க் குழாய்க்குள்ளிருந்து எடுத்த குட்டி. அவர் குளிக்கப் போனால் கதவைப் பிறாண்டும்.

அதற்கு வைத்த இலக்கு, அவர் இல்லாமல் இருப்பது.

முதலில் ஒரு மூச்சு நேரம் மறைந்தார். பிறகு ஒரு வாய் காப்பி நேரம். விதி ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும், போன தடவையைவிடக் கொஞ்சம் கூட.

மாசியிலேயே அது அவருடைய வலது விலாவை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. ஸ்கேன் எடுத்தது சித்திரையில்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வார்த்தை தேடினார்.

"பரவால்லைங்க டாக்டர். எங்க பட்டாணி முன்னாலயே சொல்லிருச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்றார்.

ஜெனரல் பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. மைசூர்பா, பிஸ்கட்டோடு வந்தவரின் காரில் ஏறிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அவர் டீவி சத்தத்தைக் கூட்டினார்.

பட்டாணியைக் கொண்டுபோனவர்கள் எல்லோரும் மறுநாளே கொண்டுவந்து விட்டார்கள். சோறு தொடவில்லையாம். ஊளை நிற்கவில்லையாம்.

பிலோமினா மட்டும்தான் பாக்கி. அவளுக்கு வீட்டிலேயே செய்துகாட்டினார். அவர் கதவுக்குப் பின்னால் நின்றார். பட்டாணி அழாமல் நின்றது. பிலோமினா ஏமாறவில்லை.

"உங்க வாசம் அடிக்குதுங்ணா. அதான் நிக்குது. மைதானத்துல அழுகாம எங்கூட நிக்கட்டும். அப்பறம் நானே வெச்சுக்கறேன்."

இன்றைக்கும் அவர் காற்று வரும் திசை பார்த்துத்தான் போய் நின்றார். ஜட்ஜ் விட்டால்தானே.

"சார், பாலக்காட்டுக் காத்து உங்க மேல பட்டு நேரா நாய்க்குப் போகுதுங்க. இந்த ஃப்ளெக்ஸுக்குப் பின்னால வாங்க."

வந்தார்.

இப்போது காற்று முதலில் பட்டாணியைத் தொட்டது. பிறகு அவரிடம் வந்தது. அதன் வாசம் அவருக்கு வந்தது. அவர் வாசம் அதற்குப் போகவில்லை.

சத்தம் போகும்.

ஃப்ளெக்ஸின் பின்பக்கம் வெறும் வெள்ளை. அடுத்த ஃப்ளெக்ஸில் நான் முன்பக்கம் வந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டார். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி, ஓரத்தில் இரண்டு புறா.

சிரிப்பு வந்தது.

சிரிப்பு போய் இருமலுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

துண்டை இன்னும் உள்ளே தள்ளினார். நெஞ்சு எகிறியது. முட்டி மடங்கி மண்ணில் ஊன்றியது. கீழே இன்னொரு கீறல் இருந்தது, படத்து நாயின் முன்னங்காலில். அதில் கண்ணை வைத்தார்.

பட்டாணி மூக்கைத் தூக்கிக் காற்றில் தேடியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கிடைக்கவில்லை.

அதன் தொண்டையில் மெலிதாக ஒரு கீச்சு தொடங்கியது.

பிலோமினா கயிற்றை இழுக்கவில்லை. அதட்டவில்லை. கொஞ்சவும் இல்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் புழுதியில் அப்படியே உட்கார்ந்தாள்.

கீச்சு நின்றது.

பட்டாணி அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. படுத்தது. தாடையை அவள் செருப்பின்மேல் வைத்தது.

துண்டில் துருப்பிடித்த ருசி ஊறியது.

விசில் சத்தம். யாரோ கைதட்டினார்கள். பட்டாணிக்குக் காது மட்டும் அசைந்தது.

"சார், முடிஞ்சுதுங்க! பாஸு! வெளிய வாங்க!"

பிலோமினா ஃப்ளெக்ஸைப் பார்த்தாள்.

பட்டாணி பார்க்கவில்லை. அதன் கண் மூடியிருந்தது.

"சார்?"

போன தடவையைவிடக் கொஞ்சம் கூட.

அவர் வாயிலிருந்து துண்டை எடுக்கவில்லை.