சமையல்காரரின் கலப்படம்

“தும்மியிருப்ப, இல்லேன்னா கையுறை கிழிஞ்சிருக்கும். வேற எப்படி சாம்பிள்ல கலப்படம் வரும்?” ஆய்வுக்கூடத் தலைவியான டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மாஸ்க்கை எடுக்கவே இல்ல மேடம். சத்தியமா.”

அங்கே அவனை எல்லாரும் ‘சமையல்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ரோவேவில் பதமாகச் சூடாக்கி, சோதனைக்குத் தயார் செய்து கொடுப்பது அவன் வேலை. ராத்திரி முழுக்க மருந்துத் திரவத்தில் ஊற வேண்டியது, அந்தச் சூட்டில் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். பத்து வருஷமாகியும் ஒவ்வொரு தடவை அந்தப் பெட்டியைத் திறக்கும்போதும் அவனுக்குப் புல்லரிக்கும்.

இன்று அந்தப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“பொம்பளையோட கல்லீரல் கட்டியில ஆம்பளை செல் எப்படிப்பா வரும்? போலீஸ் கேஸும் பாக்கற இடம்னு நம்ம எல்லாரோட டி.என்.ஏ.வையும் எடுத்து வச்சிருக்கோம்ல, அதோட ஒத்துப் பாத்தேன். அச்சு அசலா நீதான்.”

இன்னொரு தடவை கலப்படமானால் வேலை போய்விடும் என்று போன மாதமே எச்சரித்திருந்தார்.

“கட்டி ஒண்ணும் ஆபத்தில்ல. ஆனா இந்த லட்சணத்துல ரிப்போர்ட்டை எப்படி அனுப்பறது? அந்தம்மாவை வரச் சொல்லியிருக்கேன். நீயே மன்னிப்புக் கேளு.”

“யாரு மேடம் அவங்க?”

“வந்ததும் நீயே பாத்துக்கோ.”

துணுக்குகள் வெறும் நம்பரோடுதான் அவன் கைக்கு வரும். பெயரெல்லாம் டாக்டருக்கு மட்டுமே தெரியும். வேலை போனால் வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது? நல்லவேளை, அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

கதவு திறந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள்.

“நீ பயந்துடுவேன்னுதான்டா சொல்லல. அக்கா வீடுன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

டாக்டர் அவனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. “இவன் உங்க பிள்ளையா?”

“ஆமாம்மா. என்ன தப்புப் பண்ணினான்?”

“வயித்துல இருக்கற பிள்ளையோட செல் கொஞ்சம் தாய் உடம்புலயே காலத்துக்கும் தங்கிடும்னு படிச்சிருக்கேன். கண்ணால பாக்கறது இன்னைக்குத்தான்.” டாக்டர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவன் பக்கம் திரும்பினார்.

“கலப்படம் பண்ணினது நீதான், சமையல்காரரே. ஆனா நீ பொறக்கறதுக்கு முன்னாடி.”