பதினேழாம் எண் டப்பா

"லிஃப்ட் முன்னாடி நிக்கிறேன்க்கா. காலையில மாத்திரை போட்டாச்சு. மருந்து கேக்கும்ல?"

போனில் தங்கை. என் கையில் ஆய்வகத்தின் ரகசியத் தாள்.

உறையைப் பேராசிரியர் இப்போதுதான் பிரித்தார். யாருக்கு அசல் மாத்திரை, யாருக்கு வெறும் மாவு என்பது ஆறு வாரமாக எங்களில் யாருக்கும் தெரியாது. சீமைச்சாமந்திப் பூவிலிருந்து எடுத்த ஃபிளவனாய்டு என்ற வேதிப்பொருள் மூளைக்குள் போய்ப் பதற்றத்தைத் தணிக்கிறதா என்பதுதான் சோதனை.

தங்கை அதில் பதினேழாம் ஆள். ஒருமுறை லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து லிஃப்ட் என்றாலே வெலவெலத்துப் போவாள். கிடைத்த மூன்று வேலைகளை அதனாலேயே கைவிட்டாள். இன்றைய நேர்முகத் தேர்வு பதினான்காவது மாடியில்.

டப்பாக்களில் எண் ஒட்டுவது என் வேலை. ஆறு வாரம் முன்பு அவளுடைய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வாசமே இல்லை. மாவுதான் என்று முடிவு கட்டினேன். பூவாசம் கமகமத்த உபரி டப்பா ஒன்றில் பதினேழை ஒட்டி அவளிடம் கொடுத்துவிட்டேன்.

திருட்டுத்தனம்தான். கூடப்பிறந்தவளாயிற்றே.

தாள் இப்போது வேறு கதை சொல்கிறது. பதினேழுக்கு நேரே 'அசல்' என்றிருக்கிறது. வாசம் ஏற்றியது மாவுக்கு. முகர்ந்து பார்க்கும் என்னைப் போன்ற அதிமேதாவிகளை ஏமாற்றத்தான். கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிட்டார்கள்.

"அக்கா, கதவு தொறந்துடுச்சு."

உண்மையைச் சொன்னால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். சொல்லாமல் விட்டு, பாதி வழியில் மூச்சு முட்டினால்?

"கேக்கும்டி. ஏறு."

இணைப்பு அறுந்தது.

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம். ஒன்றரை. உள்ளங்கை வியர்த்து, தாளின் ஓரம் நனைந்துவிட்டது. பாவி, நானே அவளைக் கொண்டுபோய் அடைத்துவிட்டேனே.

போன் அடித்தது.

"மேல வந்துட்டேன்க்கா! எனக்கு ஒண்ணுமே ஆகல. என்னா மருந்துக்கா இது!"

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கைகால் நடுக்கம் நிற்கவேயில்லை.

மேசை இழுப்பறையில் அவளுக்குக் கொடுக்காமல் நான் மாற்றிவைத்த டப்பா காலியாகக் கிடக்கிறது. குப்பையில் போட்டால் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயந்து, மாவுதானே என்று, ஆறு வாரமும் தினம் ஒன்றாக நானே விழுங்கித் தீர்த்திருந்தேன்.