வழியில் ஒரு வண்டி

எங்கள் பழைய ரயில்வே ஊழியர் சங்கம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடும். முதல் வேலையாக, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் டோக்கன் பெட்டியின் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார். ஒரு வண்டி அதிலிருந்து இரும்புப் பந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினால், அடுத்த ஸ்டேஷன் பெட்டியில் அதைப் போடும்வரை இந்தப் பெட்டி இன்னொரு பந்தைத் தராது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வேறு வண்டி வந்துவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாடு.

எங்கள் பெட்டி இருபத்திரண்டு வருடமாகப் பந்தே தரவில்லை. வெள்ளத்தில் பாலத்தோடு போன வண்டி வாங்கியதுதான் கடைசிப் பந்து. அந்த வண்டியை ஓட்டியவர் என் அக்கா புருஷன். உடல் கிடைக்கவில்லை. அதோடு பாதையை மூடிவிட்டார்கள்; மிச்சமிருந்த தண்டவாளத்தை நான் வேலை பார்த்த கேங்தான் பிடுங்கியது.

அக்கா ஒரு வாரமும் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காருவாள்.

"வந்துச்சா, மாஸ்டர்?"

"இல்லம்மா."

"அப்ப இன்னும் வழியிலதான் இருக்காரு. என்னைக்கு அந்த மனுசன் சொன்ன நேரத்துக்கு வந்திருக்காரு!"

"அது துருப்பிடிச்ச பெட்டி, அக்கா" என்று நானும் பலமுறை சொல்லிவிட்டேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

போன ஞாயிறு மாஸ்டர் திருகியதும் பந்து உருண்டு அவர் கையில் விழுந்தது. அடுத்த ஸ்டேஷன் பெட்டி பழைய இரும்புக்குப் போய்ப் பல காலமாகிறது. மாஸ்டர் பழக்கதோஷத்தில், "வண்டி வந்து சேந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா எழுந்து அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட, அக்கா?"

"வாசல்ல நிப்பாருடா. வீட்டுச் சாவி எங்கிட்டல்ல இருக்கு."